காக் ரொக்கியா வீட்டுக் கதவை மூடச் சொன்ன என் மகனுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை நம் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், தினேஷ். அப்போதுதான் "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கம்மா" என்று நீ என்னிடம் சொல்ல முடியாது. மேடையில் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் சந்திரன் சார். அவருக்குப் பக்கத்தில், சங்கத்தின் சட்ட ஆலோசகர் என்று அறிவிக்கப்பட்ட நீ. உனக்குப் பக்கத்தில், பொந்தியான் டவுனில் தாஸ்கா என்று இரண்டு பிள்ளைக் காப்பகம் நடத்தும் புவனா மேடம். முன்வரிசையில் சங்கத்தின் செயலவைக்காரர்கள். எல்லாருமே பிள்ளைகளை வளர்த்து முடித்து ஓய்வாக இருப்பவர்கள். கடைசி வரிசையில், வீட்டில் பிள்ளை பார்க்கும் சரோஜா அக்கா, நான், காற்றாடிக்குக் கீழே உன் அப்பா. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், பிள்ளை பார்க்கும் எதிர்வீட்டு மலாய் அக்கா, நம் காக் ரொக்கியா. அவர் உள்ளே வரவில்லை. உன் பேச்சு முழுவதும் அவரைப் பற்றித்தான், ஆனால் அவருக்கு நாற்காலி போடவில்லை. வராதவர்களையும் எழுதுகிறேன். காக் ரொக்கியாவிடம் மகனை விடும் கவிதா வரவில்லை, அவள் புருஷன் வரவில்லை, அவர்களைப் போல விடியுமுன் பேக்டரி பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிற தாய் தகப்பன் ஒருவர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கும் என்பது உனக்குத் தெரியாதா? கைப்பிள்ளை உள்ளவர் ஒருவரும் இல்லாத கூட்டத்தில் கைப்பிள்ளைகளுக்காகத் தீர்மானம் போட்டிருக்கிறாய்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டை விரல் படத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதன் நகலை மண்டபத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்போகிறேன். உனக்கு மேடை கிடைத்தது, ஒலிபெருக்கி கிடைத்தது. எனக்கு நான்கு குண்டூசியாவது கிடைக்கட்டும். வெள்ளிக்கிழமை நீ அந்த மனுவை நகராண்மைக் கழகத்தில் கொடுக்கப்போகிறாய் என்றார் சந்திரன் சார். நம் தாமானில் பதிவு இல்லாமல் பிள்ளை பார்க்கும் வீடுகளை உடனே மூட வேண்டும் என்று கேட்கும் மனு. அதை நீ கொடுக்கக் கூடாது. எழுதுவதற்கெல்லாம் காரணம் அது ஒன்றுதான்; மற்றதெல்லாம் ஏன் கூடாது என்பதற்கு.

நீ திரையில் ஒரு படம் போட்டாய். காக் ரொக்கியா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். மண்டபமே 'அலமாக்' என்று பதறியது. "பதினோரு பிள்ளைங்க, ஒரே ஒரு ஆளு, அதுவும் எந்தப் பயிற்சியும் இல்லாதவங்க" என்றாய். தம்பி, அந்தப் படத்தை நீ எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு. அன்றைக்கு என் வீட்டில்தான் தோசை சாப்பிட்டாய், வாக்கிங் போய்வருகிறேன் என்று போனாய். அந்த நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியவில்லை. அது பிள்ளைகள் கைமாறுகிற நேரம். இருட்டில் வருகிற பிள்ளைகளை வாங்கிக்கொள்வது காக் ரொக்கியா. விடியுமுன் சுபுஹ் தொழுகைக்கு எழுகிறவர், எப்படியும் அவர் வீட்டு விளக்கு எரியும். சரோஜா அக்காவால் அந்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாது; அவர் புருஷன் நள்ளிரவில் வேலை முடித்துவந்து படுத்திருப்பார். ஏழு மணிக்கு அந்த மனிதர் எழுந்ததும், பெரிய பிள்ளைகள் சரோஜா அக்கா வீட்டுக்கும் பள்ளி வேனுக்கும் போய்விடுவார்கள். தவழுகிற இரண்டு மூன்று பேர்தான் காக் ரொக்கியாவிடம் தங்குவார்கள். வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகளையும் பையை மாட்டிக்கொண்டு தெரு தாண்ட நின்ற பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறாய். பஸ் நிலையத்தில் பஸ் வருகிற நேரத்தில் படம் எடுத்து, இந்த ஊரில் இத்தனை பேர் வீடில்லாமல் நிற்கிறார்கள் என்று சொல்வதைப்போல.

இதை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று நினைக்கிறாய்? சங்கமா, சந்திரன் சாரா? ஒருவரும் செய்யவில்லை. ஒரு அம்மாவுக்கு இருட்டில் ஆள் தேவைப்பட்டது, ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் காக் ரொக்கியா சஹூர் சாப்பாட்டுக்கு இன்னும் சீக்கிரம் எழுவார், அதனால் தூரத்து ஷிப்டுக்குப் போகும் அம்மாக்களுக்கு அந்த மாதம் வசதி. ஹரி ராயா பெருநாளுக்கு அவர் கம்பத்துக்கு, தன் சொந்தக் கிராமத்துக்கு, போனால் பிள்ளைகள் எல்லாம் சரோஜா அக்காவிடம். தீபாவளிக்கு சரோஜா அக்கா முறுக்கு சுடும்போது பிள்ளைகள் எல்லாம் காக் ரொக்கியாவிடம். விடியற்காலை நேரத்துக்கு ஒரு விலை, பகலுக்கு அதைவிடக் குறைந்த விலை. யாரும் உட்கார்ந்து நிர்ணயிக்கவில்லை. யாரால் கொடுக்க முடியும், யார் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்கள் என்பதிலிருந்து தானாக வந்த விலை. புவனா மேடத்தின் தாஸ்கா கதவு ஏழரைக்குத்தான் திறக்கும். ஏழரைக்குக் கவிதா சிங்கப்பூர் துவாஸில் மிஷின் முன்னால் நிற்க வேண்டும். உன் மனுவில் இந்த இடைவெளிக்கு என்ன பதில் எழுதியிருக்கிறாய்? நான் படித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் கொடுத்த கரிபாப்பும் தேத்தண்ணீரும் யார் செலவு என்றாவது கேட்டாயா? நான் கேட்டேன். "புவனா மேடம் ஸ்பான்சர் லா ஆன்ட்டி" என்றான் மேசை துடைத்த பையன். நான் அந்தக் கரிபாப்பைத் தொடவில்லை. அந்த அம்மா கெட்டவர் என்று சொல்லவில்லை. சட்டப்படி நடத்துகிறார், பிள்ளைகளைச் சுத்தமாக வைத்திருக்கிறார். ஆனால் எதிர்க்கடையை மூடச் சொல்லும் கூட்டத்துக்குப் பலகாரம் வாங்கிக் கொடுக்கிற கடைக்காரரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாதுகாப்பு என்கிற நல்ல சொல்லை நீ பேசினாய். அதன் லாபம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியது. நீ நல்லவன், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் உன் பங்கையாவது கேட்டிருப்பாய்.

இந்தக் கதை நம் வீட்டில் ஏற்கெனவே நடந்தது. உன் அப்பா இருபது வருடத்துக்கு மேல் டாக்சி ஓட்டினார். ஓட்டியது அவர், பெர்மிட் வேறு ஒருவர் பெயரில். அந்த மனிதர் ஒரு நாள்கூட டாக்சி ஓட்டியதில்லை, பொந்தியானில் அவரை நாம் பார்த்ததுகூட இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாலும், வெள்ளம் வந்து ரோடு மூடினாலும், அன்றைய பெர்மிட் வாடகை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். உன் பள்ளிக் காலணிக்குப் பணம் எடுத்து வைத்தால் அது அந்தப் பக்கம் போய்விடும். பெர்மிட்டை ஏன் எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள்? பயணிகளின் பாதுகாப்புக்காக என்றார்கள். அதே சொல், தினேஷ். பாதுகாப்பு.

அப்புறம் கைப்பேசியில் கூப்பிடுகிற கார்கள் வந்தன. உன் அப்பா அதைத் தடை செய்யச் சொல்லி ஜொகூர் பாருவில் கொடி பிடிக்கப் போனார். அன்று காலை இந்த வீட்டில் நடந்த சண்டை உனக்குத் தெரியாது. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய்.

"அவனுங்களுக்குப் பெர்மிட் இல்ல, ஒன்னும் இல்ல. நம்ம சோத்துல மண்ணு போடுறானுங்க" என்றார்.

"உங்க சோத்துல மண்ணு போட்டவரு பெர்மிட்டு வச்சிருக்கிறவரு. அவரு வீட்டு முன்னால போய்க் கொடி பிடிங்க" என்றேன்.

"உனக்கு என்னா தெரியும், வீட்டுல உக்காந்திருக்கிறவ?"

"வீட்டுல உக்காந்திருக்கிறவகிட்டதான மாசக் கணக்கு இருக்கு. அந்த ஆளுக்குப் போனது எவ்வளவுன்னு வாசிக்கட்டுமா?"

கதவை அறைந்துவிட்டுப் போனார். வெயிலில் நின்று கறுத்துத் திரும்பி வந்தார். மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதுல எப்படிப் பதியறதுன்னு பாரு" என்றார். தன் சொந்த மைவி காரை ஓட்ட ஆரம்பித்தார். முதல் மாதம் முழு வருமானமும் வீட்டுக்கு வந்தபோது சாமி அறையில் போய் நெடுநேரம் நின்றார். உன் கடைசி இரண்டு வருடப் படிப்பு அந்தக் காரில்தான் ஓடியது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் சொன்னது ஒரே ஒரு வரி: "நான் அன்னிக்குக் கொடி புடிச்ச மாதிரியே இவன் பேசறான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். நீ ஆறாம் படிவம் முடித்துப் போட்டுவிட்டுப் போன பொருளாதாரப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அந்த இரண்டு கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டுகிற படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம சந்தைக் கடை மீன்காரன் பன்னெண்டு மணிக்கு வெல கொறைக்கிறதுதான" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ஆமாம்மா, ஆனா நாட்டு விஷயம் அவ்ளோ லேசு இல்ல" என்றாய். லேசு இல்லைதான். ஆனால் கடைக்குப் போகிறவளுக்குக் கண்ணில் படுவது படித்தவர்களுக்குப் படாமல் போவதும் உண்டு. மலிவு விலையில் பாக்கெட் சமையல் எண்ணெய் என்று அரசாங்கம் விலை கட்டியிருக்கிறதே, ஏழைக்காகத்தான். நானும் அந்த எண்ணெய்க்கு வரிசையில் நின்றவள். எத்தனை தடவை வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கடைக்காரரைக் கேட்டால், "நேத்து வந்துச்சு, நேத்தே முடிஞ்சிருச்சு லா அக்கா" என்பார். பெட்டியோடு யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவரும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஏழைக்கு உதவ வேண்டுமா, அவள் கையில் பணத்தைக் கொடு. எண்ணெய் வாங்குவதா பால்மாவு வாங்குவதா என்று அவளுக்குத் தெரியும். விலையைப் பிடித்துக் கட்டினால் பொருள் ஓடிப்போகிறது. வாசலைப் பிடித்துப் பூட்டினால் ஆள் ஓடிப்போகிறார். உன் மனு வாசலைப் பூட்டுகிற மனு.

கூட்டம் முடிந்து உன் காரில் ஏறும்போது நீ என்னிடம் கேட்டாய், "அம்மா, நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அது நியாயமான கேள்வி. நான் அதைத் தள்ளவில்லை. மூன்று நாளாக அதை நினைத்துக்கொண்டுதான் விளக்கேற்றுகிறேன். கவிதா மகன் காக் ரொக்கியா வீட்டில் அலமாரி முனையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டது நடந்ததுதான். அந்தத் தழும்பின் படத்தையும் திரையில் போட்டாய். கவிதாவிடம் அனுமதி கேட்டாயா? அவளிடம் நான் கேட்டேன். உன்னிடம் யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று நடந்ததை முழுசாகச் சொன்னாயா? பையனை இடுப்பில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்குக் கொண்டுபோனது காக் ரொக்கியா. கவிதா இரண்டாம் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்து சேரும்வரை அவனை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்த வாரமே அந்த அலமாரி வெளியே போனது, சமையலறைக்குக் குட்டிக் கதவு வந்தது. கவிதா அந்தக் கதவைப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், இரண்டு நாள் லீவு போட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் திரும்ப விட்டாள். அவளைவிட அந்தப் பிள்ளைமேல் உனக்கு அக்கறையா?

முனைவீட்டில் ஒரு பெண் பிள்ளை பார்த்தாளே, நினைவிருக்கிறதா? எந்நேரமும் மேகி மீ, எந்நேரமும் டிவி, காலையில் கட்டிய பாம்பர்ஸ் சாயங்காலமும் அப்படியே இருக்கும். ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போயிற்று. சில மாதத்தில் அந்த வீட்டில் ஒரு பிள்ளை இல்லை. மனு இல்லை, மேடை இல்லை. விலகிப்போக வழி இருந்ததால் விலகினார்கள். விலகிப்போக வேறு வீடு இருக்க வேண்டும் அல்லவா? நீ எல்லா வீட்டையும் மூடிவிட்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டால், அந்த இடம் கெட்டுப்போன அன்றைக்கு இந்தத் தாய்மார்கள் எங்கே போவார்கள்?

சட்டமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பாய். பிள்ளையை அடித்தால் போலீசைக் கூப்பிடு, நானே சாட்சி சொல்கிறேன். முதலுதவி கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸை அந்த மண்டபத்துக்குக் கூட்டி வா, தீயணைப்புக் கருவி வாங்கிக் கொடு, யார் வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி பலகையில் எழுது. பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொடு, அதற்குத்தானே படித்தாய். புவனா மேடத்தின் தாஸ்காவும் இருக்கட்டும், பிடித்தவர்கள் போகட்டும். ஆனால் கோர்ஸ் முடி, இத்தனை அடி இடம் காட்டு, தனிக் கதவு வை, சம்பளத்துக்கு ஒரு உதவியாளரை வை, அதுவரை மூடு என்று சொன்னால், காக் ரொக்கியாவைப் போல இரண்டு அறை வீட்டில் இருக்கிற ஒரு விதவையைப் பார்த்து 'நீ வேண்டாம்' என்று சொல்கிறாய் என்று அர்த்தம். அதை நேராகச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அதனால் சட்டத்தின் வாயால் சொல்கிறாய். அந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை என்றாய். இருக்கட்டும். எழுதினவர்கள் விடியற்காலை பஸ் பிடித்திருக்க மாட்டார்கள். தப்பான சட்டம் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்பிவிட்டுப் பெருமைப்படாதே. திருத்தச் சொல்லி மனு எழுது.

இப்போது என் கோபத்தின் அடியில் இருப்பதைச் சொல்கிறேன். "படிக்காத பெண்கள் கையில் நம் பிள்ளைகளை விட்டிருக்கிறோம்" என்றாய். ஒலிபெருக்கியில் சொன்னாய். சரோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்ற காக் ரொக்கியாவுக்கு உன் தமிழ் முழுசாகப் புரியாது, ஆனால் எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்த்தது புரிந்தது. என் பக்கம் நீ பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்த வரியை விழுங்கியிருப்பாய் என்று நினைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மூன்று நாள் ஆகிவிட்டது, இன்னும் சமாதானமாகவில்லை. நீ வக்கீலானது எனக்குப் பெருமை. முருகன் கோயிலில் உனக்காக நான் எடுத்த பால்குடங்களை அவன் அறிவான். ஆனால் அந்தப் படிப்பு, படிக்காதவர்களுக்கு எது நல்லது என்று அவர்களைக் கேட்காமலே தீர்மானிக்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கத் தெரியும் என்று நம்புகிறவள் நான். நீ நம்பவில்லை. நமக்குள் உள்ள சண்டை அதுதான், கரிபாப் அல்ல, படமும் அல்ல.

நேற்றுச் சாயங்காலம் காக் ரொக்கியா வந்தார். நோட்டீஸ் எதுவும் வரவில்லை, வரப்போகிறது என்ற பேச்சு மட்டும்தான்.

"தாக்குட் லா, அக்கா" என்றார். பயமாக இருக்கிறதாம். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அபராதம் போட்டா நான் எங்க போவேன்? பெற்றோருக்கெல்லாம் சொல்லிட்டேன். நாளைலேர்ந்து கதவு திறக்கமாட்டேன்."

"மனு இன்னும் கொடுக்கலையே, காக். வெள்ளிக்கிழமைவரைக்கும் பொறுங்க."

"உங்க மகன் நல்ல பையன். சொன்னா செய்வான்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உன்னைப் புகழ்ந்துதான் சொன்னார். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இன்று விடியற்காலை நான் சாமி விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம். கவிதாவும் அவள் புருஷனும் காக் ரொக்கியா வீட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "இன்னிக்கும் போகலன்னா வேலையே போயிரும், ஆன்ட்டி. சூப்பர்வைசர் போன வாரமே வார்ன் பண்ணிட்டாரு" என்றாள். அவள் அழவில்லை. அழ நேரமில்லை. நான் கையை நீட்டி அவனை வாங்கிக்கொண்டேன். அவள் போன கொஞ்ச நேரத்தில் இன்னொரு மோட்டார் சைக்கிள், அப்புறம் ஒரு கார். என் வீட்டு விளக்கு எரிந்தது, அதனால் இங்கே வந்தார்கள்.

உன் அப்பா பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருக்கிறார், பாதி தரையில். இதை எழுதுகிற மேசைக்குக் கீழே ஒருத்தி என் கால் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதிவு இல்லாமல் இத்தனை பேருக்கு மேல் பார்க்கக் கூடாது என்று நீ மேடையில் ஒரு எண் சொன்னாயே, எங்கள் ஹாலில் இப்போது அதைவிட அதிகம். நான் எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை. வீட்டில் தனிக் கதவு இல்லை. கவிதா கொடுத்த பணத்தை வாங்கியும் கொண்டேன். இனாமாகச் செய்கிறேன் என்று சொல்லி நீ எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது. நாளையும் வாங்குவேன், வெள்ளிக்கிழமையும் வாங்குவேன். மனுவோடு இணைத்திருக்கும் பட்டியலில் நம் வீட்டு எண்ணையும் உன் அம்மா பெயரையும் சேர்த்துக்கொள். சேர்க்காமல் கொடுத்தால் அது பொய் மனு.

மனுவைத் திரும்பப் பெறுகிறாயா, இல்லை என் பெயரையும் எழுதிக் கொடுக்கிறாயா? வியாழக்கிழமை இரவுக்குள் பதில் சொல். கட்டை விரல் படம் வேண்டாம், வாயால் சொல்.

அம்மா